நாற்பத்தேழாம் உருக்கு

"அந்தக் கட்டுரையைத் திரும்ப வாங்கிடுங்க சார்" என்று சொல்லியே விட்டேன், உட்காரும் முன்பே, வணக்கம்கூடச் சொல்லாமல், பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த கை அப்படியே நின்றது, நான் கேட்டது என்ன என்று அவருக்கு விளங்க ஒரு நொடி ஆனது, எனக்கும்தான்... நான்கு வருடத்துக்கு முன்னால் முதல் நாள் இந்த ஆய்வகத்துக்கு வந்தபோது தராசு அண்ணன் என்னை வாசலிலேயே நிறுத்திச் சொன்னார், எடை போடும் தராசும் குவார்ட்ஸ் குழாய்களும் அவர் பொறுப்பு, அதனால் அந்தப் பெயர், "பாரும்மா, சார்கிட்ட லீவு கேளு, சண்டைகூடப் போடு, அனுப்பின பேப்பரை மட்டும் திரும்ப வாங்கச் சொல்லாத, பெத்த பிள்ளையைத் தத்துக் குடுத்துட்டு மறுநாள் போய் வாசல்ல நிக்கற மாதிரி அது" என்று, நான் சிரித்தேன், அப்போது எனக்குப் பேப்பரும் கிடையாது பிள்ளையும் கிடையாது. இப்போது ஒரு பேப்பர் இருக்கிறது. இதழில் ஏற்றுக்கொண்டாகிவிட்டது, அச்சுப்படி வந்துவிட்டது, இன்று மாலைக்குள் சரி என்று ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் பாக்கி, முதல் பெயர் என்னுடையது. அதை வைத்துத்தான் எனக்குப் பட்டம், அதை வைத்துத்தான் வேலை. அதைத்தான் திரும்ப வாங்கச் சொல்கிறேன், பைத்தியமா பிடித்திருக்கிறது எனக்கு? அவர் வாயைத் திறந்தார், அதற்குள் மேசைமேல் இருந்த தொலைபேசி அடித்தது, ஒரு விரலைத் தூக்கி இரு என்று காட்டினார். உட்கார் என்று சொல்லவில்லை, நானும் உட்காரவில்லை.

"ஆமா ஆமா, நியோபியமே கிடையாது, ஒரு துளி கிடையாது" என்கிறார் தொலைபேசியில், எங்கள் கலவையை வாங்கப்போகிற கம்பெனிக்காரரிடம்தான், என் முகத்தைப் பார்க்காமல் சன்னலைப் பார்த்துக்கொண்டு சொல்கிறார்... ஒரு துளி கிடையாது. அந்த ஒரு துளியைப் பற்றித்தானே சொல்ல வந்தேன். நீ என்னதான் செய்கிறாய் என்று வீட்டில் கேட்டால் நான் இப்படித்தான் சொல்வேன், இரும்பைக் குவார்ட்ஸ் குழாயில் உருக்கி, வேகமாகச் சுற்றுகிற செப்புச் சக்கரத்தின் மேல் பீய்ச்சுவோம், ஒழுங்காக உறைய அதற்கு நேரமே கொடுக்காமல், முடியைவிட மெல்லிய நாடாவாகப் பறந்து விழும், பிறகு உலையில் சுட்டால் அதற்குள் இரும்பு மணிமணியாகக் கூடும், மணி குட்டியாக இருக்கிறவரை நல்ல காந்தம், மென்காந்தம், மின்சாரம் எந்தப் பக்கம் தள்ளினாலும் மறுபேச்சில்லாமல் திரும்பும், மணி பெருத்துவிட்டால் முரண்டு பிடிக்கும். அந்த முரண்டைத்தான் அளந்துகொண்டிருக்கிறேன் நான்கு வருடமாக. மணி பெருக்காமல் பார்த்துக்கொள்வது இரும்பு இல்லை, நூறில் ஒரு பங்கு தாமிரம் முதலில் கொத்துக் கொத்தாகக் கூடி இங்கே வந்து முளை என்று இரும்புக்கு இடம் காட்டும், எல்லாம் ஒரே நேரத்தில் நெருக்கியடித்து முளைத்தால் எதற்கும் பெருக்க இடமிருக்காது, அப்புறம் நூறில் மூன்று பங்கு நியோபியம், பெரிய உடம்பு, நகரச் சோம்பேறி, வளர்கிற மணியைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு மேலே வளர விடாது. "அப்போ அது நம்ம பெரியத்தை மாதிரி" என்றாள் அக்கா, "வாசப்படியில உக்காந்தான்னா ஒருத்தரும் உள்ள போக முடியாது, வெளிய வர முடியாது." அப்பா அவ்வளவு சிரித்தார். பெரியத்தையைப் போலவே நியோபியத்தை வைத்துக் கட்டுப்படியாகாது, கிடைப்பதே அரிது, அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வனேடியத்தை வைத்து ஒப்பேற்ற முடியுமா என்பதுதான் என் ஆராய்ச்சி, என் இருபத்து நான்கு வயது, இருபத்தைந்து, இருபத்தாறு, இருபத்தேழு. ஒரு தடவை உருக்கிப் பீய்ச்சினால் ஓர் உருக்கு, எத்தனையோ உருக்கு, முடியவில்லை. நாற்பத்தேழாம் உருக்கில் முடிந்தது. முரண்டு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது, நியோபியம் போட்ட கலவை மாதிரியே. அதே கலவையை மறுபடி உருக்கிப் பார்க்கவில்லை, ஏன் நாற்பத்தேழில் மட்டும் என்று யாருமே கேட்கவில்லை. நான் கேட்டேனா?

"அடுத்த வாரமேவா... அம்பது கிலோவா, ரொம்ப சந்தோஷம்" என்கிறார். ஐம்பது கிலோ, நான் பத்துப் பத்து கிராமாக உருக்குகிறேன், அவர்கள் ஐம்பது கிலோ உருக்கி அதிலிருந்து வளையம் சுற்றப்போகிறார்கள், வீட்டு பிரேக்கருக்குள் உட்காரும் வளையம், ஒருவர் கை தவறுதலாகப் பட்டு உடம்பு வழியாக மின்சாரம் ஓடினால் அந்தச் சின்னக் கசிவை மோப்பம் பிடித்து இணைப்பை அறுக்க வேண்டிய வளையம், முரண்டு பிடிக்கிற காந்தம் அதை மோப்பம் பிடிக்குமா? அப்பாவுக்கு வலது கையில் இரண்டு விரலுக்கு உணர்ச்சி கிடையாது, மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர், அந்த இரண்டு விரலையும் விட்டுவிட்டு மற்ற விரல்களால் கம்பியைப் பிடிப்பதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், எல்லோருடைய அப்பாவும் அப்படித்தான் பிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன்... நோட்டைக் கையில் வைத்திருக்கிறேன், என் உருக்கு நோட்டு, மூலையெல்லாம் எண்ணெய்க் கறை. மூன்று வாரத்துக்கு முன்னால் கட்டுரையின் பின்னிணைப்புக்கு அட்டவணை போட உட்கார்ந்தேன், ஒவ்வோர் உருக்குக்கும் குழாயில் போட்ட எடை, நாடாவாக வந்த எடை, குழாயில் ஒட்டித் தங்கிய எடை, யாரும் படிக்காத அட்டவணை, ஆனாலும் போட வேண்டும். நாற்பத்தேழு. போட்டது பத்து கிராம். நாடா ஒன்பது புள்ளி எட்டு. குழாயில் தங்கியது ஒன்று புள்ளி எட்டு. கூட்டினேன். மறுபடி கூட்டினேன். பதினொன்று புள்ளி ஆறு. பத்து கிராம் போட்டால் பதினொன்றரைக்கு மேல் எப்படி வரும், உலைக்குள் இரும்பு குட்டி போடுமா?

முந்தின பக்கத்தைத் திருப்பினேன். நாற்பத்தாறு, வழக்கமான கலவை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக உருக்கியது, மூன்று பங்கு நியோபியம் போட்டது, குழாயில் தங்கியது ஒன்று புள்ளி ஆறு. அதே குழாய். எங்கள் ஆய்வகத்தில் ஒரு குழாய்க்கு மூன்று உருக்கு, அதற்கப்புறம்தான் புதிது, வேறு இடத்தில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள், தங்கியதைத் தட்டி எடுத்துவிட்டு அமிலத்தில் கழுவி மறுபடி போடுவோம். அன்று தட்டி எடுக்கவில்லை. குழாயின் கழுத்தில் கறுப்பாக, பட்டாணி அளவுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது, பார்த்தேன், கசடு என்று நினைத்தேன், சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது, வெற்றிட பம்ப் ஓடிக்கொண்டிருந்தது, அடுத்த ஆள் உலைக்காகக் காத்திருந்தான், போட்டுவிட்டேன். நியோபியமே இல்லாத என் கலவைக்குள் நானே நியோபியத்தை உருக்கி ஊற்றியிருக்கிறேன். பிறகு ஏன் ரசாயனச் சோதனையில் அது தெரியவில்லை? சோதனைக்கூடத்துக்காரர்கள் ஒரு படிவம் தருவார்கள், எந்தெந்தத் தனிமம் பார்க்க வேண்டுமோ அதில் குறியிட வேண்டும், நாங்கள் போட்டதற்கு மட்டும் குறியிட்டோம், போடாததை எவன் தேடுவான்... தராசு அண்ணனிடம் போய் மூன்று புதுக் குழாய் கேட்டேன். "மூணா? குழாய் வச்சு வீடு கட்டறியா?" என்றார், ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு அலமாரியைத் திறந்தார், வேறெதுவும் கேட்கவில்லை. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்துமூன்று. அதே கலவை, புதுக் குழாய். முரண்டு பதினான்கு, பதினேழு, பதினைந்து. மணி பத்து நானோமீட்டரிலிருந்து பதினாறானது, அவ்வளவுதான், அந்த ஆறுக்கு இந்தக் கதி, மணி இரண்டு மடங்கு பெருத்தால் முரண்டு அறுபத்து நான்கு மடங்கு ஏறும், அப்படி ஈவிரக்கமில்லாத கணக்கு அது. நாற்பத்தேழில் மிச்சமிருந்த நாடாவில் ஒரு துண்டை வெட்டி, நியோபியத்துக்கும் குறியிட்டுச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு நேற்று வந்தது. நியோபியம் நூறில் புள்ளி நான்கு பங்கு.

தொலைபேசியை வைத்துவிட்டார். "காலங்கார்த்தால என்னம்மா குண்டு போடற" என்றார், சிரித்துக்கொண்டுதான், இந்தச் சிரிப்புக்கு நான் நிறையக் கடன்பட்டிருக்கிறேன், நேர்முகத்தில் எனக்கு வார்த்தை வராமல் நின்றபோது இதே சிரிப்புதான், "மெதுவா சொல்லு, ட்ரெயின் ஒண்ணும் போயிடாது" என்று... நோட்டை மேசையில் விரித்து வைத்தேன், பக்கத்தில் சோதனை முடிவு, மூன்று புது உருக்கின் வரைபடம். சொன்னேன். நீளமாகச் சொல்லத் தெரியாது எனக்கு, ஆறு வாக்கியம் இருக்கும். அவர் படித்தார். நிதானமாகப் படித்தார், விரலால் கோடு பிடித்துக்கொண்டு, நான்கு வருடத்தில் என் நோட்டை அவர் கையில் எடுத்துப் பார்ப்பது இதுதான் முதல் தடவை என்று அப்போது உறைத்தது, வரைபடத்தைப் பார்ப்பார், சரிவு அழகாக இருந்தால் முதுகில் தட்டுவார், எத்தனை கிராம் போட்டாய், எத்தனை கிராம் வந்தது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. போன வருடம் கம்பெனிக்காரர்கள் வந்தபோது என்னை முன்னால் நிறுத்தி, "இவதான் எங்க காப்பர், ஒரு பர்சென்ட்தான், ஆனா இவ இல்லேன்னா இங்க ஒண்ணும் முளைக்காது" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நான் பூரித்துப்போய் அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன், அவள் வேலை பார்க்கும் ஆடை ஆலையின் தையல் பிரிவில் யாரும் பார்க்காமல் கழிப்பறைக்குள் நின்று கேட்டாள். என்னைப் படிக்கவைக்கப் பத்தாம் வகுப்போடு நின்றவள். காப்பராம். இப்போது நினைத்தால் காது மடல் எரிகிறது. நான் குழாய் கழுவுகிறவள், அன்றைக்குக் குழாயைக் கழுவவில்லை, அதுதான் இங்கே முளைத்திருக்கிறது.

"சரி, புள்ளி நாலு" என்றார். "நீ சொல்றது சரியாத்தான் இருக்கும். ஆனா இதுல அழறதுக்கு என்ன இருக்கு, நீ இதைத் தலைகீழாப் பாரு. மூணு பர்சென்ட் போடற எடத்துல புள்ளி நாலு போதும், வனேடியம் கூட இருந்தா. அது சின்ன விஷயமா? இந்தப் பேப்பர் இப்படியே போகட்டும், ஆறு மாசம் கழிச்சு அதை ரெண்டாவது பேப்பராப் போடலாம், அதுலயும் உன் பேர்தான் முதல்ல." நான் அழவில்லை. ஆனால் அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம், அழகான உண்மை, ஏழில் ஒரு பங்கு நியோபியம் அதே வேலையைச் செய்கிறது என்றால் அது எப்படி, வனேடியம் பாதி வேலியைக் கட்ட இது மீதியைக் கட்டுகிறதா, அளந்து பார்க்க வேண்டும் போலக் கை துறுதுறுத்தது, அந்த நொடியில் எல்லாவற்றையும் மறந்து நாளைக்கே புள்ளி இரண்டு, புள்ளி நான்கு, புள்ளி ஆறு என்று மூன்று உருக்குக்குத் திட்டம் போட ஆரம்பித்துவிட்டது மனது, வெட்கம் கெட்ட மனது... "கம்பெனிக்கு?" என்று கேட்டேன். "நான் சொல்லிக்கறேன்." "எப்போ சார்?" "நேரம் பாத்துச் சொல்லணும்மா, எடுத்தவுடனே போய் கவுத்துட முடியுமா?" "அடுத்த வாரம் அம்பது கிலோ உருக்கறாங்க சார். இப்பத்தான் நீங்க போன்ல ஒரு துளி இல்லைன்னு சொன்னீங்க, நான் நின்னுட்டு இருக்கும்போதே." அவர் முகம் மாறியது. என் வாய் இப்படித்தான், வீட்டில் இதற்குப் பெயர் துடப்பக்கட்டை வாய். அந்தக் கம்பெனியில்தான் எனக்கு வேலை, அடுத்த மாதம் சேர வேண்டும், கம்பெனி எப்படியம்மா இருக்கும் என்று அப்பா நான்கு முறை கேட்டுவிட்டார். அந்தக் கட்டுரையை எத்தனை பேர் படிப்பார்கள் என்றும் கேட்டார், நாற்பது பேர் இருக்கும் என்றேன், "நாப்பதா? ஒரு மாசத்துல என் கடைக்கு வர்ற ஃபேனே அதுக்கு மேல இருக்குமே" என்றார், ஆனால் மறுநாள் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் நாற்பது பேர், எல்லாரும் பெரிய பெரிய ஆளுங்க, என்று சொல்லியிருக்கிறார்...

"சரி, தப்பு யாரோடது?" என்றார் பேராசிரியர், குரல் இப்போது கூட்டங்களில் பேசுகிற குரல். "குழாயைச் சுத்தம் பண்ணிக் குடுக்கறது உன் வேலையா? லேப்ல அதுக்குன்னு ஆள் இருக்கார் இல்ல? அழுக்குக் குழாயைக் குடுத்தா நீ என்ன பண்ணுவ?" எவ்வளவு சுலபமாகக் கதவைத் திறந்துவிட்டார், நான் அதன் வழியாகப் போனால் போதும், பின்னால் தராசு அண்ணன்மீது கதவு சாத்திக்கொள்ளும், அவருக்கு ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது, ஒரு குழாய்க்கு மூன்று உருக்கு என்பது அவர் போட்ட சட்டமா என்ன, யார் கையெழுத்தில் அந்தச் சட்டம் எழுதிய தாள் அலமாரியில் ஒட்டியிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா? "அவர் குடுத்தது சரிதான் சார். தட்டி எடுக்க வேண்டியது நான். கழுத்துல ஒட்டிட்டு இருந்ததை நான் பாத்தேன்" என்றேன். பார்த்தேன் என்ற சொல் மேசைமேல் விழுந்து கிடந்தது. அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார், சிரிப்பில்லை, அவசரமும் இல்லை. "பாத்தியா" என்றார். "அப்போ ஏன் அன்னைக்கே சொல்லல?"

கசடுன்னு நினைச்சேன் சார் என்று சொல்ல வாய் வந்தது, அது உண்மைதான், மூன்று வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிற உண்மை, ஆனால் கண் நோட்டின்மேல் இருந்தது, விரித்து வைத்திருந்த பக்கம், தலைகீழாகத் தெரிந்தது, நோட்டைத் திருப்பினேன். நாற்பத்தைந்து. நாடா எடை, தங்கிய எடை, கீழே ஒரு கோடு, கோட்டுக்குக் கீழே கூட்டுத்தொகை, என் கையெழுத்து. நாற்பத்தாறு, கோடு, கூட்டுத்தொகை. நாற்பத்தெட்டு, கோடு, கூட்டுத்தொகை. புரட்டிக்கொண்டே போனேன், முப்பத்தொன்பது, இருபத்திரண்டு, ஒன்பது, காய்ச்சலோடு செய்த பதினேழில்கூட, கோணல் எழுத்தில், கூட்டியிருக்கிறேன். நாற்பத்தேழில் கோடு இல்லை. இரண்டு எடையும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது, கீழே வெள்ளைத்தாள். மறந்துவிட்டேனா? அன்று அளந்த முதல் எண் வந்தபோது ஆய்வகமே கூடி நின்று கத்தியது, அந்தச் சத்தத்தில் மறந்திருக்கலாம்... ஆனால் எடை போட்டது அதற்கு முந்தின நாள் இல்லையா, நாடா உலைக்கே போகவில்லை அப்போது, யாரும் கத்தவில்லை, நானும் எடை போடும் தராசும் மட்டும்தான் இருந்தோம். பிறகு எதனால்? ஒன்பது புள்ளி எட்டும் ஒன்று புள்ளி எட்டும், இதைக் கூட்ட எனக்குப் பேனா வேண்டாம், கண்ணாலேயே கூட்டிவிடுவேன், அப்படியென்றால் கண் கூட்டிவிட்டு, கை...

"தெரியல சார்" என்றேன். அவர் ஒரு வெற்றியும் காட்டவில்லை, அதுதான் என்னைக் கொன்றது, இரக்கத்தோடு சொன்னார், "தெரியலேன்னா விட்டுடும்மா. இதே கேள்வியைக் கம்பெனிக்காரங்களும் கேப்பாங்க. மாட்டப்போறது நீ, நான் இல்ல. உனக்கே பதில் தெரியாத கேள்விக்கு எதுக்கு வலியப் போய் நிக்கற? இன்னொரு இடத்துல உன்னை யாரு எடுப்பா?" ஒரு பொய்யும் இல்லை அதில். நான் நோட்டை மூடவில்லை, அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன். "நோட்டு லேப் சொத்து, தெரியுமில்ல?" என்றார். "தெரியும் சார், வச்சுக்கோங்க. ஒவ்வொரு பக்கமும் படம் புடிச்சிருக்கேன்." "நான் இன்னும் பேசி முடிக்கல" என்றார். "நான் கேக்க வந்ததைக் கேட்டுட்டேன் சார்" என்றேன், கதவைத் திறந்தேன், அது எப்போதும்போல மெதுவாகத்தான் சாத்திக்கொள்ளும், அறைந்து சாத்தும் சுகம்கூட இந்தக் கட்டடத்தில் கிடையாது. நடைவழி வெளிச்சத்தில் கண் கூசியது, யாரோ தள்ளுவண்டியில் வாயு உருளையை உருட்டிக்கொண்டு போனார், நான் ஒதுங்கி வழிவிட்டேன், படி இறங்கினேன். இதழாசிரியருக்குக் கடிதம் நேற்றே எழுதிவிட்டேன், ஒரு பிரதி கம்பெனிக்கும், அவர் சம்மதித்தாலும் சம்மதிக்காவிட்டாலும் மதியத்துக்குள் போய்விடும், அது நான் அவர் அறைக்குள் நுழைவதற்கு முன்பே முடிவான விஷயம், கேட்காமல் அனுப்பினேன் என்று இருக்கக் கூடாது என்றுதான் கேட்டேன். ஆனால் அந்தக் கடிதத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது, என் கவனக்குறைவால் நேர்ந்தது என்று, நேற்று அதை எழுதும்போது எனக்கு எவ்வளவு நேர்மையாகத் தோன்றியது, எவ்வளவு துணிச்சலாக, இப்போது அதை அடிக்க வேண்டும், அடித்துவிட்டு என்ன எழுதுவது, அன்று நான் கூட்டிப் பார்க்கவில்லை, அது மட்டும் எழுதலாம், அது பொய் இல்லை, ஏன் என்று அவர்கள் கேட்டால், கேட்கட்டும், நானும்தான் கேட்டுக்கொண்டு இறங்குகிறேன்.